சில்வியாவின் எடை

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரங்களாகியும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், பொறுத்தருள வேண்டும். கண்ணுக்கே சரியாகத் தென்படாத கரிய சிறுகோளை இங்கிருந்தபடி எப்படி எடை போடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு விடை தேடப் போய், 87 சில்வியா என்ற சிறுகோளிடமே தங்கிவிட்டேன்.

சிறுகோள் பட்டையின் வெளியோரத்தில், பூமியைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு தொலைவில், ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை அது சூரியனைச் சுற்றுகிறது. சராசரிக் குறுக்களவு சுமார் 270 கிலோமீட்டர்; ஆனால் தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் 4 அல்லது 5 பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. 1866 மே 16 அன்று சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் அதைக் கண்டுபிடித்தார். சிறுகோள் தேடலுக்குப் புகைப்படம் வராத காலம் அது. தொலைநோக்கியில் தெரியும் வானத்தை விண்மீன் வரைபடத்தோடு கண்ணாலேயே ஒப்பிட்டு, வரைபடத்தில் இல்லாத புள்ளி எதுவும் இடம் மாறுகிறதா என்று இரவு தோறும் பார்க்க வேண்டும். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இனி எடைக்கு வருகிறேன். 2001இல் ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியின் வழியே சில்வியாவுக்கு ஒரு துணைக்கோள் இருப்பது தெரிந்தது. 2004இல் சிலியிலிருந்து எடுத்த படங்களில் இரண்டாவதும் அகப்பட்டது. இரு துணைக்கோள்கள் கொண்டதாக முதன்முதலில் அறியப்பட்ட சிறுகோள் இதுவே. ரோமுலஸ், ரீமஸ் என்பன அவற்றின் பெயர்கள். ரோமானியத் தொன்மத்தில் ரியா சில்வியா பெற்ற இரட்டையர் அவர்கள். ரோமுலஸ் சுமார் 1,360 கிலோமீட்டர் தள்ளி, மூன்றரை நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. அந்தத் தொலைவும் நேரமும் கிடைத்துவிட்டால், நிலவை வைத்துப் பூமியின் நிறையைக் கணக்கிடுவது போலவே சில்வியாவின் நிறையையும் கணக்கிடலாம்.

வந்த விடைதான் என்னை நிறுத்தி வைத்தது. சில்வியாவின் அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். உள்ளே இடைவெளிகள் நிறைந்த கற்குவியலாக அது இருக்க வேண்டும் என்றும், முன்பொரு மோதலில் நொறுங்கிய பெரிய விண்பொருளின் துண்டுகள் மீண்டும் சேர்ந்ததே அது என்றும், சேராமல் நின்ற சிதறல்களே துணைக்கோள்களாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சென்ற வாரம் தொலைநோக்கியில் தெரிந்த வானத்தின் ஒரு சிறு துண்டைத் தாளில் வரைந்து, மறுநாள் ஒப்பிட்டுப் பார்த்தேன். இருபது விண்மீன்களுக்கே கண் களைத்துவிட்டது. நாளை மீண்டும் வரையப் போகிறேன். தாளை அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்