இரத்த அணுக்களின் எண்ணிக்கை வேறு, மரபணுச் சோதனை வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்க்கும் மரபணு மாற்றத்துக்கும் உள்ள தொடர்பு குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, மரபணுக் கோளாறு என்றாலே அது பெற்றோர் வழியாக வந்தது என்று வாசகர் எண்ணிவிடும்படி அமைந்திருந்தது. இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சி.எம்.எல். எனப்படும் நாள்பட்ட இரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். 1960இல் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் இந்நோயாளிகளின் இரத்த அணுக்களில், மரபணுக்களைத் தாங்கும் இழையான குரோமோசோம் ஒன்று வழக்கத்தைவிடச் சிறியதாக இருப்பதைக் கண்டனர். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டதால் விளைந்தது அது என்பதை 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். இந்த மாற்றம் பிறவியில் வருவதில்லை. வாழ்நாளின் ஏதோ ஒரு கட்டத்தில் எலும்பு மஜ்ஜையின் ஒரு செல்லில் நேர்வது, பிள்ளைகளுக்குப் போகாது. இது தெரியாமல், மகளுக்கு வரன் பார்க்கும் வீடுகளில் தகப்பனின் நோயையே மறைப்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

துண்டுகள் ஒட்டிய இடத்தில் இரண்டு மரபணுக்கள் இணைந்து ஒன்றாகின்றன. அவற்றுள் ஏ.பி.எல். என்பது தரும் நொதி, இயல்பான செல்லில் உத்தரவு வந்தால் மட்டுமே இயங்கிப் பிறகு அடங்கும். இணைந்த மரபணு தரும் நொதியோ அடங்குவதே இல்லை; செல்லைப் பிரியத் தூண்டிக்கொண்டே இருப்பதோடு, காலம் முடிந்த செல் மடிவதையும் தடுக்கிறது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சுமார் 11,000ஐத் தாண்டக் கூடாத வெள்ளையணுக்கள் லட்சத்தைக் கடப்பதும், மண்ணீரல் வீங்கி இடப்பக்க விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படுவதும் இதனால்தான்.

2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் மாத்திரை அந்த நொதியை முடக்குகிறது. இதன் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்ததும், 2013இல் உச்ச நீதிமன்றம் காப்புரிமையை மறுத்ததும், விலை குறைந்த மாத்திரை கிடைக்க வழிவிட்டதால், எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைத்த பெரும் ஆறுதல்.

நான் வலியுறுத்த விரும்புவது இதற்கு அடுத்த கட்டத்தை. மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் அணுக்களின் எண்ணிக்கை சீராகிவிடும். "எல்லாம் நார்மல்னு வந்திருச்சே" என்று பலர் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மருந்து நொதியை அடக்குகிறதே ஒழிய, மாறிய குரோமோசோமைச் சரிசெய்வதில்லை. மேலும், நொதியின் 315ஆம் அமினோ அமிலத்தில் புதிய மாற்றம் ஏற்பட்ட செல்கள் தோன்றிவிட்டால், இமாட்டினிப் அவற்றிடம் பலிக்காது. இணைந்த மரபணு இரத்தத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தேடும் மரபணுச் சோதனையில் பல ஆண்டுகள் நோயின் சுவடு மிகக் குறைந்தே இருந்தவர்களுக்கு மருத்துவர்கள் மருந்தை நிறுத்திப் பார்ப்பதுண்டு. அவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நோய் திரும்புவதால், அடிக்கடி சோதனை செய்தபடியேதான் அதையும் செய்கிறார்கள்.

எண்ணிக்கையைப் பார்க்கும் சோதனையும் மரபணுவைத் தேடும் சோதனையும் வெவ்வேறு என்பதைக் கட்டுரையாளர் அடுத்த இதழில் விளக்கினால், மாத்திரை அட்டையை ஓரம்கட்டி வைத்திருக்கும் வாசகர் எவரேனும் மருத்துவரிடம் திரும்பிப் போகக்கூடும்.

இப்படிக்கு,
பரிசோதனைக்கூட ஊழியர்,
திருச்சி