நாவிக் கருவி செய்பவர்களுக்குத் தூத்தூர் பக்கத்திலிருந்து ஒரு திறந்த மடல்

ஜிபிஎஸ் போல இடம் காட்டும் நம் நாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்குக்காக இஸ்ரோவில் பணியாற்றும் விஞ்ஞானிகளுக்கும், நாவிக் கருவி தயாரிக்கும் நம் நாட்டு நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள ஊர்களின் ஆழ்கடல் படகுகளில் கருவி மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். படகை ஓட்டும் அறையான வீல்ஹவுசில் நான் மாட்டும் ஜிபிஎஸ் பெட்டி பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனி செய்தது. அந்த இடத்தில் நம் நாட்டுப் பெட்டி வர வேண்டும் என்ற ஆசையில்தான் எழுதுகிறேன்.

ஜிபிஎஸ் பெட்டி செய்யும் கார்மின் கம்பெனி வளர்ந்த கதையைக் கொஞ்சம் பாருங்கள். கேரி பரெல், மின் காவோ என்ற இரண்டு பொறியாளர்கள் 1989-இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் தொடங்கியது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அமெரிக்க அரசுடையவை, சிக்னல் எல்லோருக்கும் இலவசம். அதைப் பிடித்துக் காட்டும் பெட்டியை நன்றாகச் செய்தே இவர்கள் பெரிய ஆளானார்கள். முதலில் விற்றதே படகுக்கான பெட்டி. அப்புறம் கார்களுக்குள் போய் நிறைய சம்பாதித்தார்கள். 2009 அக்டோபரில் கூகுள் போனிலேயே வழிகாட்டும் வசதியை இலவசமாக அறிவித்ததும் ஒரே நாளில் பங்கு விலை 16 சதவீதம் அளவுக்குச் சரிந்தது. சொந்தமாகப் போன் செய்து பார்த்தார்கள், எடுபடவில்லை. கடல், விமானம், ஓட்டக்காரரின் மணிக்கட்டு என்று போன் சரிப்படாத இடங்களில் உழைத்துத்தான் மீண்டார்கள்.

உங்களுக்கும் அடிமேல் அடி விழுந்தது. முதல் நாவிக் செயற்கைக்கோளில் இடத்தைக் கணக்கிடத் தேவையான மூன்று ருபிடியம் அணுக்கடிகாரங்களும் நின்றன. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் ஏவியது வெப்பக் கவசம் பிரியாமல் வீணானது. 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 என்ற புதுத் தலைமுறை நாவிக் செயற்கைக்கோள் உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. ஆனாலும் 2023-இல் என்விஎஸ்-01-இல் நம் நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரம் ஏறியது. மேலே இருப்பதை நீங்கள் சரிசெய்துவிடுவீர்கள். என் கவலை படகில் இருக்கும் கருவியைப் பற்றியது.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் கிடந்த எங்கள் ஆட்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. அதன்பிறகு வந்த நாவிக் கருவி, செய்தியை வாங்கி புளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்பியது. படகிலிருந்து பதில் சொல்ல வழியில்லை. ராத்திரி தூண்டில் இழுக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கையெல்லாம் மீன் ரத்தமும் உப்புத் தண்ணீரும். போன் பாலிதீன் பைக்குள் சுற்றி, படுக்கைக்கு அடியில் கிடக்கும், பாதி நாள் சார்ஜும் இருக்காது. புயல் செய்தி அந்தப் போனில் வந்து என்ன பயன்? 364 கோடி ரூபாயில் 1 லட்சம் படகுகளுக்கு என்று 2024-இல் தொடங்கிய இருவழிக் கருவி பெரிய முன்னேற்றம், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அதிலும் செய்தி படிக்கப் போனைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு வேண்டியது தனக்கென்று திரை உள்ள பெட்டி. ஈரக் கையால் அழுத்தக்கூடிய பெரிய பொத்தான்கள், தமிழில் எழுத்து, இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்கும் அலாரம். எங்கள் படகுகள் இந்தியப் பெருங்கடலின் நடுவில் உள்ள டீகோ கார்சியா தீவுப் பக்கம் வரை போகின்றன, நாவிக்கின் எல்லையோ நாட்டைச் சுற்றி 1500 கிலோமீட்டர். அதனால் ஜிபிஎஸ் சிக்னலையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

இன்னொன்று, இது முக்கியம். படகு ஓட்டும் டிரைவரின் சொத்தே அவர் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கும் பாயிண்டுகள்தான், அதாவது மீன் கிடைக்கும் இடங்களைக் குறிக்கும் எண்கள். எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எப்போது சூரை கிடைக்கும் என்பதை மச்சானுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். புதுப் பெட்டி மாட்டினால் அத்தனையையும் நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும், ஒரு எண் மாறினாலும் மைல் கணக்கில் விலகிவிடும். பழைய பெட்டியிலிருந்து அவற்றை அப்படியே மாற்ற வழி செய்யுங்கள். படகு நிற்கும் இடம் கரைக்குத் தெரியும் என்றால், அதை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள். அந்தப் பயத்தில் கருவியை அணைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். பழுதானால் தேங்காய்ப்பட்டணத்திலேயே சரிசெய்ய ஆளும் உதிரிப் பாகமும் வேண்டும்.

அடுத்த கருவியின் வடிவத்தை முடிவு செய்யும் முன் ஒருமுறை இங்கே வாருங்கள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மீன்பிடித் தடைக்காலம், டிரைவர்கள் ஊரில்தான் இருப்பார்கள். வீல்ஹவுசைத் திறந்து காட்ட நான் வருகிறேன்.

இப்படிக்கு,
படகுக் கருவிகள் பழுது பார்ப்பவன்,
தூத்தூர் பகுதி, கன்னியாகுமரி மாவட்டம்.