எங்கள் தேவாரப் பாடசாலைக்கு ஒரு நன்றி மடல்

திருச்சிற்றம்பலம்.

பெரிய ஐயா அவர்களுக்கும், தமிழாசிரியர் ஐயாவுக்கும், பாடசாலையில் எனக்கு மூத்த அண்ணன்மார்களுக்கும், சமையல்கட்டு அக்காவுக்கும் வணக்கம்.

தை மாதம் முதல் ஒரு சிவன் கோயிலில் ஓதுவாராகப் பணி செய்து வருகிறேன். சேருவதற்கு முன்பே நேரில் வந்து விழுந்து கும்பிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டேன். இருந்தாலும் நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்று மனசு கிடந்து தவிக்கிறது. சன்னதியில் ஓதுவார் பாடுவதைக் கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு, அந்தக் குரலைப் பழக்கியவர்கள் யார் என்று தெரிய வழியில்லையே. யார் பேரையும் போடக் கூடாது என்று பெரிய ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் பேர் இல்லாமலே எழுதுகிறேன்.

ஐயா, எங்களுக்கு நீங்கள் புத்தகத்தைத் திறந்து பாடம் தொடங்கியதே இல்லை. விடியும் முன் குளித்து, நீறு பூசி, சுருதிப்பெட்டிக்கு எதிரே வரிசையாக உட்காருவோம். நீங்கள் ஒரு வரி பாடுவீர்கள், நாங்கள் வாங்கிப் பாடுவோம். நட்டபாடை என்ற பண்ணில் சம்பந்தரின் ‘தோடுடைய செவியன்’தான் எல்லாருக்கும் முதல் பாடம். கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் அந்தப் பண்ணைக் கம்பீரநாட்டை ராகம் என்று அடையாளம் கண்டுகொள்வார்கள். பதிகத்தின் கடைசிப் பாட்டான திருக்கடைக்காப்பு வரை வரிசை பிசகாமல் மனப்பாடமாக வந்தால்தான் அடுத்த பதிகம். முதலில் தாளம் இல்லாமல் சுத்தாங்கமாகப் பாட வேண்டும். சொல் தெளிந்த பிறகுதான் தாளத்தோடு பண்ணாங்கம். சங்கதி எவ்வளவு அழகாக விழுந்தாலும் சொல் சிதைந்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவீர்கள். போன வாரம் ஒரு பாட்டி என்னிடம் வந்து, “ஒவ்வொரு எழுத்தும் காதுல விழுது தம்பி” என்றார். அது உங்களுக்குச் சேர வேண்டிய பாராட்டு, அப்படியே அனுப்பி வைக்கிறேன்.

எனக்குக் குரல் உடைந்த காலத்தை நீங்கள் மறந்திருக்கலாம். மேல் ஸ்தாயியில் தொண்டை அடைத்துக்கொள்ளும். சின்னப் பையன்கள் எல்லாம் அநாயாசமாகப் பாடுவார்கள். இனி இது நமக்கு வராது, ஊருக்குப் போய்விடலாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டேன். நீங்கள் திட்டவில்லை, தடுக்கவும் இல்லை. பக்கத்தில் உட்காரவைத்து யாழ்மூரி என்று பேர் பெற்ற பதிகத்தின் கதையைச் சொன்னீர்கள். திருத்தருமபுரத்தில் சம்பந்தர் ‘மாதர் மடப்பிடியும்’ பாடினார். திருநீலகண்ட யாழ்ப்பாணரால் அந்த இசையை யாழில் கொண்டுவர முடியவில்லை. மனம் நொந்து யாழையே உடைக்க ஓங்கினார். சம்பந்தர் அதைத் தடுத்து வாங்கினார். மனத்துக்கே அளவுபடாத இசை கைக்குள் அடங்குமா, வந்தவாறு வாசியும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். இப்படித்தான் சேக்கிழார் பாடியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு, “யாழ்ப்பாணருக்கே அப்படின்னா உனக்கு என்னடா, நீயும் வந்தவாறு பாடு” என்றீர்கள். மறுநாளே எனக்காகச் சுருதியை இறக்கி வைத்தீர்கள். குரல் நிலைக்கு வரும்வரை தாளம் போடும் வேலையை என்னிடம் கொடுத்தீர்கள். தாளம் போட்டுக்கொண்டே கேட்டுக் கேட்டுத்தான் பண் எனக்குள் இறங்கியது. அன்று பேருந்து ஏறியிருந்தால் இன்று நான் எங்கே இருப்பேனோ, நினைக்கவே பயமாக இருக்கிறது.

பிறகு யாழ்மூரியை அடாணா ராகத்தில் நீங்களே எனக்குப் பாடம் சொன்ன நாளில் என் கண் கலங்கிவிட்டது. அதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை.

தமிழாசிரியர் ஐயாவுக்கு நான் பட்ட கடன் வேறு வகை. பதம் பிரிக்காமல் ஒரு பாட்டையும் பாட விடமாட்டார். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு எங்களை அழைத்துப் போய் இராசராசன் கல்வெட்டைப் பற்றிச் சொன்னார். திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, அதாவது பதிகம் பாட, பிடாரர்கள் என்ற அந்தக் கால ஓதுவார்கள் 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி, அதாவது மூன்று மரக்கால் நெல். “ஆயிரம் வருசத்துக்கு முந்தியே நம்ம வேலைக்குச் சம்பளம் எழுதி வச்சிருக்காங்கடா” என்று அவர் சொன்னபோது எங்களுக்கெல்லாம் நெஞ்சு நிமிர்ந்தது. ‘இதைப் படிச்சு என்ன சம்பாதிப்பே’ என்று உறவுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

அண்ணன்மார்களே, இரவில் விளக்கணைக்கும் முன் நீங்கள் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்த பதிகங்கள் இன்னும் அதே ஏற்ற இறக்கத்தோடுதான் வாயில் வருகின்றன. அக்கா, தொண்டை கட்டினால் கேட்காமலே வந்துவிடும் உங்கள் மிளகுப் பால். குருபூசை நாளில் விடியுமுன் அடுப்பு மூட்டி அத்தனை பேருக்கும் சமைத்துவிட்டுக் கடைசியில்தான் சாப்பிடுவீர்கள். நானும் உங்கள் கையால் வளர்ந்தவன்.

இங்கே அர்த்தசாமத்தில் பல நாள் குருக்களும் நானும் மட்டும்தான் இருப்போம். அப்போதும் ஐயா சொன்னபடி இரவுப் பண்தான் பாடுகிறேன். பெரும்பாலும் மேகராகக்குறிஞ்சி. கேட்க ஆள் இல்லை என்று ஒரு பாட்டைக்கூடக் குறைப்பதில்லை.

வரும் சித்திரைச் சதயத்தில் அப்பர் குருபூசையை இந்தக் கோயிலில் கொஞ்சம் விரிவாகச் செய்ய இருக்கிறோம். எல்லாரும் வர வேண்டும். ஐயா முன்வரிசையில் உட்கார வேண்டும். எங்காவது சொல் சிதைந்தால் கூட்டம் என்று பார்க்காமல் பழையபடி கையைக் காட்டி நிறுத்துங்கள், திருத்திக்கொண்டு பாடுகிறேன்.

என்றும் தங்கள் மாணவன்