அமாலி அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அமாலி டீட்ரிக் அம்மாவுக்கு,

வணக்கம். கல்லூரியில் தாவரவியல் படித்தபோது ஆளுக்கு ஒரு ஹெர்பேரியம், அதாவது காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டிய தொகுப்பு, செய்யச் சொன்னார்கள். பறித்து வந்த தும்பையையும் குப்பைமேனியையும் செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே தடிப் புத்தகங்களை ஏற்றிவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். நாலு நாள் கழித்துப் பிரித்தால் இலையெல்லாம் கறுத்து, பூஞ்சை பிடித்து, தாளோடு ஒட்டிக் கிடந்தது. ஈரத் தாளைத் தினமும் மாற்ற வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த வேலையையே குடும்பத் தொழிலாக வைத்து நீங்கள் பிழைத்தீர்கள் என்று பின்னால் படித்தேன். அப்போதிலிருந்தே உங்களோடு பேச வேண்டும் போல இருந்தது.

ஜெர்மனியின் சாக்சனியில் ஸீபன்லேன் என்ற சின்ன ஊர். தோல் பை தைப்பவரின் மகள் நீங்கள். 1846இல் வில்ஹெல்ம் டீட்ரிக்கைக் கட்டிக்கொண்டீர்கள். மருந்துக் கடை வேலை கற்றவர், செடி கொடி என்றால் உயிர். பெயரும் வகையும் அவர் சொல்லிக்கொடுத்தார். காடு மேடு அலைந்து பறித்தீர்கள், காயவைத்தீர்கள், தாளில் ஒட்டினீர்கள். அப்புறம் நாய் பூட்டிய வண்டியோடு ஊர் ஊராக நடந்து விற்றீர்கள். மகள் காரிட்டாஸை அடுத்தவர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் இவ்வளவும்.

கணவர் அறிஞர், மனைவி எடுபிடி என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். எந்த இலையைத் திருப்பி வைத்தால் அடிப்பக்கம் தெரியும், எந்தப் பூவை விரிக்க வேண்டும், வேரில் எவ்வளவு மண்ணை உதிர்க்க வேண்டும் என்பதெல்லாம் செடி வாடுவதற்குள் முடிவு செய்ய வேண்டியவை. நூறு வருஷம் கழித்து அந்தத் தாளைப் புரட்டுகிற ஆய்வாளர், நீங்கள் காட்டியதைத்தான் பார்க்க முடியும்.

1863இல் ஹாம்பர்க் கப்பல் வணிகர் கோடஃப்ராய் தன் அருங்காட்சியகத்துக்காக உங்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். குவீன்ஸ்லாந்தில் கிட்டத்தட்ட பத்து வருஷம். செடி, பறவை, சிலந்தி, பூச்சி என்று பெட்டி பெட்டியாக அனுப்பினீர்கள். அங்கே ஒரு வேல மர இனத்துக்கே அகேசியா டீட்ரிக்கியானா என்று உங்கள் பெயர்.

ஆனால் அம்மா, அந்தப் பெட்டிகளில் பூர்வகுடி மக்களின் எலும்புக்கூடுகளும் போயின. இதை விட்டுவிட்டு உங்களைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. விலை கொடுத்தவர் முதலாளிதான். கட்டி அனுப்பிய கை உங்களுடையது. ஒரு தாய் பெற்ற பிள்ளையை எப்படி அம்மா செடியோடு சேர்த்து அனுப்பினீர்கள்?

இதற்கு உங்கள் வாயால் பதில் கிடைக்காது. மகள் எழுதிய உங்கள் வாழ்க்கை வரலாற்றில் வரும் கடிதங்களை அவரே புனைந்திருக்கிறார் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் உங்கள் கைப்பட மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்தச் செடித் தாள்கள்தான். ஹாம்பர்க் ஹெர்பேரியத்தில் இன்னும் இருக்கின்றன. என்றைக்காவது அவற்றில் ஒன்றைப் பார்க்கக் கொடுத்து வைத்தால், ஏதாவது ஓர் இலையைத் திருப்பி வைத்திருக்கிறீர்களா என்றுதான் முதலில் தேடுவேன்.

அன்புடன்,
பூஞ்சை பிடித்த அந்தத் தும்பையை இன்னும் மறக்காத ஒருத்தி