ஹாரிஸ்மித்தா, லேடிஸ்மித்தா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குக் காரில் வரும் குடும்பம் வழியில் ஓர் இரவு எங்கே தங்கலாம் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "ஹாரிஸ்மித்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். ஏறத்தாழ பாதி வழி, என்3 சாலையை ஒட்டிய ஊர், பெட்ரோல் கராஜும் சாப்பாட்டுக் கடையும் பக்கத்திலேயே. எல்லாம் சரிதான். ஆனாலும் தமிழ்க் குடும்பத்துக்குத் தமிழ்ப் பத்திரிகை சொல்லும் பதிலில் இன்னும் கொஞ்சம் இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் லேடிஸ்மித் என்பேன். வான் ரீனன் கணவாயில் இறங்கி, என்11 சாலையில் திரும்பி, மொத்தம் ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டினால் போதும்.

இரண்டும் புருஷன் பெண்சாதி பேரில் இருக்கும் ஊர்கள். கேப் காலனியின் கவர்னராக இருந்த ஹாரி ஸ்மித்தின் பெயர் மலைக்கு மேலே இருக்கும் ஊருக்கு; ஸ்பெயின் நாட்டில் பிறந்த அவர் மனைவி ஹுவானாவுக்காக வைத்த பெயர் கீழே இருக்கும் ஊருக்கு. எங்கள் வீட்டில் "ஐயா ஊர், அம்மா ஊர்" என்றுதான் சொல்வோம்.

எங்களுக்கு அந்த ஐயா ஊரில் அன்று இடம் இல்லை. 1891-இல் ஹாரிஸ்மித் அடங்கிய அன்றைய ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் போட்ட சட்டம் இந்தியர்கள் அங்கே குடியேறவும் கடை வைக்கவும் தடை விதித்தது. 1986 வரை அந்தத் தடை நீங்கவில்லை. அதுவரை நாங்கள் அந்த மாகாணத்தைக் கடந்து போகலாம், இரவு தங்க முடியாது.

1973-இல் எனக்கு ஒன்பது வயது. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருந்த அத்தை வீட்டுக்குப் புறப்பட்டோம். அது அடங்கிய டிரான்ஸ்வால் மாகாணத்துக்குள் போக அப்பா முன்கூட்டியே பெர்மிட் வாங்கி வைத்திருந்தார். அம்மா உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டியைத் துணியில் கட்டி எடுத்துவந்திருந்தார். வண்டி பழசு. கணவாய் ஏறி முடித்ததும் ரேடியேட்டர் கொதித்து ஆவி பறந்தது. ஹாரிஸ்மித்தின் விளக்குகள் தூரத்தில் தெரிந்தன. அப்பா வண்டியை ஓரங்கட்டி, சூடு ஆறும்வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, கண்ணுக்கு எதிரே இருந்த ஊருக்குப் போகாமல் வண்டியைத் திருப்பினார். அந்த இருட்டில் மறுபடி கணவாய் இறங்கி லேடிஸ்மித் வந்து, அப்பாவுக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் வீட்டில் பாய் விரித்துப் படுத்தோம். ஏன் திரும்பினோம் என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டு அம்மா நடுராத்திரியில் எழுந்து எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இந்த நன்றிக்காக மட்டும் லேடிஸ்மித்தைச் சொல்லவில்லை. அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. 1899 நவம்பர் 2 முதல் 1900 பிப்ரவரி 28 வரை, 118 நாள், டச்சு வம்சாவளி வெள்ளையரான போயர்கள், பிரிட்டிஷ் படை இருந்த அந்த ஊரை முற்றுகையிட்டார்கள். டவுன் ஹால் பக்கத்திலேயே முற்றுகை மியூசியம் இருக்கிறது. அங்கே போனால் பிரபு சிங் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர் ஒரு ஒப்பந்தக் கூலி. உம்புல்வானா குன்றில் இருந்த பீரங்கி சுடுகிறதா என்று மரத்தின் மேல் உட்கார்ந்து பார்த்து, நெருப்பு தெரிந்ததும் மணி அடிப்பார். குண்டு வந்து விழுவதற்குள் ஊர் ஜனம் ஒளிந்துகொள்ளும். அவரைப் பற்றிக் காந்தியே எழுதியிருக்கிறார்.

மறுநாள் காலையில் ஸ்பியன்கோப் மலைக்குப் போய் வாருங்கள். அதே போரின் அந்தப் போர்க்களத்தில், பிரிட்டிஷாருக்காகக் காந்தி சேர்த்த ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 இந்தியர்கள் இருந்தார்கள். அவர்களில் 300 பேர் போக மற்ற எல்லாரும் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். காயம்பட்ட சிப்பாய்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்து ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்தார்கள். டர்பனும் லேடிஸ்மித்தும் இருக்கும் நேட்டாலின் தோட்டங்களில் அன்று தமிழும் தெலுங்கும் நிறையக் கேட்ட பாஷைகள். அந்தத் தோள்களில் நம் வீட்டுப் பெரியவர்களின் தோளும் இருந்திருக்கும் என்று நினைத்தபோது அந்தப் புல்வெளியில் என்னால் சும்மா நடந்து போக முடியவில்லை.

ஊருக்குள் விஷ்ணு கோயிலில் காந்தி சிலை இருக்கிறது. கிளிப் ஆற்றங்கரையில் அழகான சூஃபி மசூதியும் உண்டு. அந்த ஆறு கோடையில் பொல்லாதது. 2023-இல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வெள்ளம் வந்து உயிர்களைக் கொண்டுபோனது. அதனால் டிசம்பரில் வருகிறவர்கள் மழைச் செய்தியைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

ஹாரிஸ்மித் தங்கவே கூடாத ஊர் என்று நான் சொல்லவில்லை. வான் ரீனனில் மூடுபனி இறங்கினால் முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாது. 2024 செப்டம்பரில் பனி கொட்டி என்3 சாலையில் ஏகப்பட்ட வண்டிகள் மாட்டிக்கொண்டன. அந்த மாதிரி நாளிலோ, இருட்டிய பிறகோ கணவாய் இறங்காமல் ஹாரிஸ்மித்திலேயே தங்குவதுதான் புத்தி. ஊருக்குப் பின்னால் சுவர் மாதிரி நிற்கும் பிளாட்பெர்க் மலையும் ஸ்டெர்க்ஃபொன்டைன் அணையும் கண்ணுக்கு விருந்து. பகலில் போகிறவர்களும் அங்கே ஒரு மணி நேரம் நின்று டீ குடிக்கலாம். அப்புறம் பிள்ளைகளிடம் அந்தச் சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்ற வருஷம் என் பேத்தியிடம் சொன்னேன். "கொள்ளுத்தாத்தா எந்த இடத்தில் வண்டியைத் திருப்பினார் பாட்டி?" என்று கேட்டாள். ரோடு மாறிவிட்டது, சரியாகக் காட்ட முடியவில்லை. தோராயமாக ஓர் இடத்தில் இறங்கி இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றோம்.

டிசம்பர் விடுமுறைக்கு முந்தின இதழில் உங்கள் பயணப் பகுதி மறுபடி வரும்போது, ஹாரிஸ்மித் பெயருக்குக் கீழே 1891, 1986 என்ற இரண்டு வருஷங்களையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
சாட்ஸ்வொர்த், டர்பன்