எஸ்டீமுக்கு எந்த ஹெடர்? நண்பனுக்கு ஒரு கடிதம்

தண்டையார்பேட்டை,
சென்னை.

அன்புள்ள செல்வத்திற்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோவையிலிருந்து மணலிக்கு மாற்றலாகி வருகிறாய் என்பதைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பள்ளி நாட்களில் சோழவரம் ஓடுதளத்தில் வெயிலையும் பொருட்படுத்தாமல் கார் பந்தயம் பார்த்த நாம், இத்தனை வருடம் கழித்து மீண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கப்போகிறோம்.

உன் மாருதி எஸ்டீம் காரின் எஞ்சின் வேலை நடக்கும் இந்தச் சமயத்திலேயே, நாலு சிலிண்டரின் புகையையும் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாகத் தனிக் குழாய்கள் கொண்ட ஹெடர் போடலாமா, போட்டால் நாலு குழாயும் ஒரே இடத்தில் கூடும் நாலுக்கு ஒன்றா, முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாகும் நாலு-இரண்டு-ஒன்றா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடு, ஆனால் நாலு-இரண்டு-ஒன்றையே போடு. பட்டறைக்காரர் நாலுக்கு ஒன்றைத்தான் வற்புறுத்துகிறார் என்று எழுதியிருப்பதால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உன் எஞ்சினில் சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கின்றன. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு 180 பாகை சுற்றியதும் அடுத்த சிலிண்டரின் முறை வந்துவிடுகிறது; புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வோ அதைவிட நெடுநேரம், ஏறக்குறைய 240 பாகைக்குத் திறந்திருக்கிறது. அதனால் முதல் சிலிண்டர் புகையை வெளியே தள்ளி முடிக்கும் கடைசிக் கட்டத்தில் மூன்றாவதன் வால்வு திறந்து, அந்த அழுத்தம் குட்டையான மேனிஃபோல்டு வழியாக முதல் சிலிண்டரின் வாயிலேயே வந்து மோதுகிறது. வெளியேற வேண்டிய புகை உள்ளே தங்கிவிட, புதிதாக வரும் காற்றுக்கு இடம் குறைகிறது. நாலு-இரண்டு-ஒன்றில் 1-ஐயும் 4-ஐயும் ஒரு ஜோடியாக, 2-ஐயும் 3-ஐயும் மற்றொரு ஜோடியாகச் சேர்ப்பதால், ஒரே குழாயைப் பகிர்ந்துகொள்ளும் இரு சிலிண்டர்களுக்கு நடுவே 360 பாகை இடைவெளி கிடைத்து, இந்த மோதல் தணிகிறது.

நாலுக்கு ஒன்றிலும் பலன் உண்டு. குழாய்கள் கூடும் இடத்தை அழுத்த அலை எட்டியதும் அங்கிருந்து உறிஞ்சும் அலை ஒன்று திரும்பி வரும். அது சரியான நேரத்தில் வால்வை அடைந்தால் மிச்சப் புகையை இழுத்துக்கொண்டு போகும். ஆனால் அந்த வகை ஹெடர்கள் பெரும்பாலும் உச்ச ஆர்பிஎம்முக்கு, அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் உச்ச வேகத்துக்கு, ஏற்ற நீளத்தில் செய்யப்படுபவை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் எஞ்சினை 6,000-க்குக் கீழே இறக்காமல் ஓட்டுபவருக்கு அது பொருந்தும். நீ காலையும் மாலையும் எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் பின்னால் 2,000-க்கும் 3,500-க்கும் நடுவில் ஊர்ந்துகொண்டிருக்கப் போகிறாய். உனக்கு வேண்டியது அந்த இடத்தில் கிடைக்கும் இழுவை.

குழாயின் விட்டத்திலும் இதே கணக்குதான். 1,298 சிசி எஞ்சினுக்கு ஒன்றரை அங்குலமே போதுமானது. அதைவிடப் பெரிதாகப் போட்டால் வாயுவின் வேகம் குறைந்து கீழ் ஆர்பிஎம்மில் பிக்-அப் படுத்துவிடும். சத்தம் கனமாகக் கேட்பதை வைத்துச் சக்தி கூடியதாக நம்பிவிடாதே. 85 குதிரைத்திறன் எஞ்சினில் ஹெடர் மட்டும் மாற்றினால் கிடைக்கும் கூடுதல் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும்.

உலோகத்தைப் பொறுத்தவரை, இங்கே கடற்காற்றுக்குச் சாதாரண இரும்புக் குழாய் தாங்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 409 ரகத்தில் துருவைத் தடுக்கும் குரோமியம் ஏறக்குறைய 11 சதவீதம் மட்டுமே இருப்பதால் மேலே துரு படியும். 304 ரகத்தில் 18 சதவீதமும், கூடவே நிக்கலும் உண்டு. ஆனால் 304 சூட்டில் அதிகம் விரியக்கூடியது. எஞ்சினோ குறுக்காக அமர்ந்து, ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் முன்னும் பின்னும் ஆடுகிறது. ஆகவே ஹெடருக்குக் கீழே வளைந்து கொடுக்கும் ஃபிளெக்ஸ் குழாய் இல்லாவிட்டால், குழாய்கள் கூடும் இடத்து வெல்டிங்தான் முதலில் விரிசல் விடும். வெப்பம் தடுக்க நாடா சுற்றச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. உப்பு ஈரம் அதற்குள் தங்கி உலோகத்தை அரிக்கும்.

வாங்குவதற்கு முன், ஹெடரை சிலிண்டர் ஹெட்டோடு பூட்டும் தகடான ஃபிளாஞ்சின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார். வெல்டிங் பரு உள்ளே துருத்திக்கொண்டிருந்தாலோ, குழாயின் வாய் சிலிண்டர் ஹெட்டின் துளையைவிடச் சிறிதாகி விளிம்பு தட்டினாலோ, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடு. ஃபிளாஞ்சு 10 மில்லிமீட்டர் கனமாவது இருக்கட்டும். மெல்லியது சூட்டில் கோணிக்கொண்டு, இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை ஊதிவிடும். புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளக்கும் சென்சாருக்கான இடத்தையும் மறக்காதே: எஞ்சினிலிருந்து அதை வெகுதூரம் தள்ளினால் சூடேறத் தாமதமாகும். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சம்மதிக்காதே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வாகனத்தின் அமைப்பை இஷ்டம்போல் மாற்ற இடம் தருவதில்லை. அதனால் வேலையைத் தொடங்குமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஆர்கான் வெல்டிங்கைச் சுத்தமாகச் செய்கிறார். சிலிண்டர் ஹெட்டின் எக்ஸாஸ்ட் துளைகளையும் ஃபிளாஞ்சைப் பூட்டும் ஸ்டட் போல்ட்டுகளின் இடைவெளியையும் ஒரு கெட்டி அட்டையில் அச்செடுத்து அனுப்பு. அவரிடம் காட்டி விலை கேட்டு எழுதுகிறேன். அதுவரை அந்தப் பட்டறைக்கு முன்பணம் கொடுக்காதே.

உன் அன்புள்ள,
முருகேசன்