செயலாளரின் ஆண்டறிக்கை: 2025

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவும் சந்தா நிலுவையும் பொருளாளரின் அறிக்கையில் வருவதால், அவற்றை விடுத்து மந்திரி மனை என்ற பழைய வீட்டைப் பற்றியே இங்கு கூற விரும்புகின்றேன்.

யாழ்ப்பாணத்து நல்லூரில் பருத்தித்துறை வீதியோரம், சட்டநாதர் கோயிலுக்கு அண்மையில் நிற்கும் அம்மனையின் ஒரு பகுதி, 2025 செப்டெம்பரில் பெய்த கடும் மழையில் இடிந்து விழுந்தது. செய்தி கேட்டுச் சென்ற நாம் வீதியோரத்தில் நின்றே பார்த்தோம். எம்முடன் வந்த மூத்த அங்கத்தவர் ஒருவர் காலடியில் கிடந்த சாந்துக் கட்டியொன்றை எடுத்து விரல்களுக்கிடையில் நசித்தார். அது ஈர மணலாய் உதிர்ந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை.

யாழ்ப்பாண அரசின் கடைசி மன்னனான சங்கிலியின் மந்திரி வாழ்ந்த வீடு என்றே நாம் சிறுவயது முதல் கேட்டு வந்துள்ளோம். ஆயினும் 1619இல் போர்த்துக்கேயர் சங்கிலியைத் தோற்கடித்தபின் ஆட்சியின் தலைமையிடம் நல்லூரிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாறியதையும், ஐரோப்பியப் பாணி முகப்போடு எம்மவரின் மரச்செதுக்கு வேலையும் கலந்திருப்பதையும் கருதும் ஆய்வாளர்கள், இன்று காணும் கட்டடம் பிற்காலத்தது என்பர். மந்திரியின் மனை இருந்த இடத்தில் பின்னர் எழுந்ததாக இருக்கலாம் என்பாரும் உளர். எமது இரண்டு கூட்டங்கள் இவ்விவாதத்திலேயே முடிந்தன என்பதை வெட்கத்துடன் பதிவு செய்கின்றேன். அரசன் காலத்தது அல்ல என்பதால் அந்த முகப்பின் அருமை குறைந்துவிடாது. அக்காலத்துத் தச்சனின் கைவேலையைப் பார்க்க யாழ்ப்பாணத்தில் வேறெத்தனை வீடுகள் மிஞ்சியுள்ளன?

இத்தகைய வீடுகளை அழிப்பது ஒருநாள் மழையன்று. ஓடு விலகிய இடத்தால் நீர் சுவருக்குள் இறங்க, சுண்ணாம்புச் சாந்து கரைந்து, வெடிப்பில் ஆலோ அரசோ முளைத்து, அதன் வேர் கல்லைத் தள்ள ஆண்டுகள் பல செல்கின்றன. அவ்வாண்டுகளில் காணி தனியாருடையது என்று ஒரு தரப்பும், பாதுகாக்க வேண்டியவர் வேறொருவர் என்று மற்றத் தரப்பும் கூறிக்கொண்டிருந்தன. நாம் எழுதிய கடிதங்களுக்கு, கிடைத்தது என்ற பதிலேனும் வரவில்லை.

எஞ்சிய சுவர்களுக்குச் சீமெந்து பூசலாம் என்று கூட்டத்தில் ஒருவர் நல்லெண்ணத்துடன் கூறினார். சீமெந்து ஈரத்தை உள்ளே அடைத்துப் பழஞ்சுவரை மேலும் கெடுக்கும் என்பதால், சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மாரைக் கொண்டே செய்யவேண்டும் என்று அவருக்கு விளக்கப்பட்டது. விழுந்த மரத்துண்டுகளும் கல்லும் குப்பையாக ஏற்றப்படாது இலக்கமிட்டு உள்ளே வைக்கப்படவேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றினோம்.

மீள்கட்டுமானம் எப்போது நடந்தாலும் அளவும் அமைப்பும் அறியப் பழைய படங்கள் தேவைப்படும். கலியாண வீட்டுப் படமாயினும், பின்னணியில் அம்முகப்பின் மூலையொன்று தெரிந்தால், தயவுசெய்து கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.

செயலாளர்